ஒரே மைட்ரல் வால்வுக்கு 1.6, 1.4, 1.1 என்று மூன்று அளவு: 3டி எக்கோவை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 51. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது சில வருடங்களாகவே தெரியும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நெடுநாளாக உண்டு. இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊரில் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டில் வால்வின் திறப்புக்கு இரண்டு எண்கள்: 'பிரஷர் ஹாஃப் டைம்' முறையில் 1.6 சதுர செ.மீ., படத்தில் வரைந்து அளந்ததில் 1.4. மாத்திரை சாப்பிட்டு ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்கள். நகரத்தில் 3டி எக்கோ எடுத்தபோது 1.1 என்று வந்து, சுருங்கிய வால்வைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள். 3டி எக்கோ நிஜமாகவே துல்லியமானதா, இல்லை சிகிச்சைக்கு இழுக்கும் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த எண்ணை நம்பி முடிவெடுப்பது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் இதய மருத்துவன். எக்கோ பார்ப்பதும், வால்வு நோயாளிகளைப் பலூனுக்குத் தேர்ந்தெடுப்பதும் என் அன்றாட வேலை. ஆனால் உங்கள் அம்மாவின் படங்களை நான் பார்க்கவில்லை. எண்களை மட்டும் வைத்து யாரும் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது, நானும் செய்யப் போவதில்லை. அந்த எண்கள் ஏன் வேறுபடுகின்றன, அவற்றுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். சுருக்கமான பதில் இதுதான்: நீங்கள் எழுதிய விவரங்கள் சரியென்றால், மூன்றில் குறைவாக நம்ப வேண்டியது 1.6. உண்மைக்குப் பக்கத்தில் இருக்க அதிக வாய்ப்பு உள்ளது 1.1. ஆனால் 1.4-ஆ 1.1-ஆ என்ற சண்டையே உங்கள் அம்மாவின் விஷயத்தில் அவ்வளவு முக்கியமில்லை. ஏன் என்று கீழே வருகிறேன்.

இடது மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் இறங்கும் வழியில் இருப்பது மைட்ரல் வால்வு. முன் இதழ், பின் இதழ் என்று இரண்டு. நல்ல வால்வு முழுதாகத் திறந்தால் 4 முதல் 6 சதுர செ.மீ. வரை இடம் கிடைக்கும். மூட்டு வீங்கி வரும் ருமாட்டிக் காய்ச்சல் கண்டவர்களுக்குப் பல வருடங்களில் இதழ்களின் ஓரம் தடித்து, இரண்டு இதழ்களும் சந்திக்கும் மூலைகள் ஒட்டிப்போய், அடியில் தாங்கும் நாண்களும் சுருங்கிவிடும். ஒட்டிப்போகும் அந்த மூலைகளைக் கமிஷர் என்போம். பிறகு அந்த வால்வு தட்டையான கதவாக இருக்காது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும், ஒரு புனலைப் போல ஆகிவிடும். ரத்தத்துக்குக் கிடைக்கும் வழி புனலின் கீழ்நுனிதான். மூன்று எண்கள் வந்த கதையும் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 1.6. பிரஷர் ஹாஃப் டைம் என்பது துளையை நேரடியாக அளப்பதில்லை. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம் பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று, ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளரில் பார்த்து, 220-ஐ அந்த மில்லிசெகண்டால் வகுக்கிறோம். 1970-களின் இறுதியில் நார்வேயின் லிவ் ஹாட்லே குழு கொண்டுவந்த வழி இது. துளை சின்னதென்றால் அழுத்தம் மெதுவாக இறங்கும், நேரம் நீளும். யோசனை அழகானது, எளிமையானது, எந்த மெஷினிலும் செய்யலாம். ஆனால் அது ஒன்றை நம்பியிருக்கிறது: அழுத்தம் இறங்கும் வேகத்தைத் துளை மட்டுமே தீர்மானிக்கிறது என்பதை. நீண்ட நாள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் இடது கீழறை விறைத்திருக்கும். கொஞ்சம் ரத்தம் இறங்கியதுமே கீழறையின் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். மேலும் கீழும் அழுத்தம் சீக்கிரம் நெருங்கிவிடுவதால் நேரம் குறையும், கணக்கில் துளை பெரிதாகத் தெரியும். இடது கீழறையிலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்ட்டிக் வால்வு கசிந்தாலும் இதே பிழைதான், இதே திசையில். உங்கள் அம்மாவுக்கு 1.6 வந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியமே இல்லை. அதை அளந்தவர் தவறு செய்யவில்லை, முறை அப்படிப்பட்டது.

அடுத்தது 1.4. இது பிளானிமெட்ரி: வால்வைக் குறுக்காக வெட்டிய படத்தில் திறப்பின் உள்விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து பரப்பை எடுப்பது. அழுத்தம், ஓட்டம், விறைப்பு எதையும் சாராத நேரடி அளவு என்பதால் வழிகாட்டு நெறிகள் இதையே ஆதாரமாக வைக்கின்றன. சிக்கல் எங்கே வருகிறதென்றால், சாதாரண 2டி எக்கோவில் படம் ஒரே ஒரு தளம்தான். ஒலியலையை அனுப்பி வாங்கும் ப்ரோபை மார்பில் வைத்து மெல்ல மேலும் கீழும் சாய்த்து, புனலின் கீழ்நுனி இதுதான் என்று கையும் கண்ணும் தீர்மானிக்க வேண்டும். சில மில்லிமீட்டர் மேலே வெட்டிவிட்டால் துளை பெரிதாகத் தெரியும். சரியான உயரத்திலேயே சாய்வாக வெட்டினாலும் பெரிதாகும். 1.2 சதுர செ.மீ. துளையை 30 டிகிரி சாய்வில் வெட்டினால் கணக்குப்படி ஏறக்குறைய 1.4 என்று வரும். இந்த நோயில் புனலின் வாய் நேர்கீழாகப் பார்த்திருப்பதும் அரிது, பெரும்பாலும் ஒரு பக்கம் கோணியிருக்கும். விலா எலும்பு இடைவெளிகள் நமக்கு வேண்டிய இடத்தில் இருப்பதில்லை என்பதால், எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் சில நோயாளிகளில் நேரான வெட்டு கிடைக்கவே கிடைக்காது.

3டி எக்கோ இந்த ஓர் இடத்தில்தான் உதவுகிறது. அதன் ப்ரோபில் சில ஆயிரம் சிறு படிகத் துண்டுகள் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தளத்தை எடுக்காமல், வால்வு இருக்கும் கனசதுரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நோயாளி எழுந்து போன பிறகுகூட, அந்தக் கனசதுரத்துக்குள் வேண்டிய கோணத்தில் நாம் வெட்டலாம். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு நீளவாட்டுப் படங்களைத் திறந்து, இரண்டிலும் இதழ்களின் நுனியைத் தொடும்படி ஒரு கோட்டை வைப்போம். அந்தக் கோட்டின் வழியாக விழும் மூன்றாவது தளம்தான் நாம் அளக்க வேண்டிய வெட்டு. வால்வு அதிகமாகத் திறந்திருக்கும் நொடியை நிறுத்தி, உள்விளிம்பில் வரைய வேண்டும். அதாவது 3டி என்பது வேறு அளவு முறை இல்லை, அதே பிளானிமெட்ரிதான். வெட்டும் இடம் மட்டும் யூகத்திலிருந்து தெரிந்த இடத்துக்கு மாறியிருக்கிறது. 2டி-யின் பிழை பெரும்பாலும் பெரிதாகக் காட்டும் பக்கமே சாயும் என்பதால், 3டி-யில் எண் குறைவாக வருவது வழக்கம். உங்கள் அம்மாவுக்கு 1.4 போய் 1.1 வந்ததும் இந்த வழக்கத்துக்குள் அடங்கும். யாரோ பயமுறுத்துவதற்காகக் குறைத்துப் போட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். எக்கோ பரிசோதனை பிறந்ததே மைட்ரல் சுருக்கத்துக்காகத்தான். 1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் இதய மருத்துவர் இங்கெ எட்லர், இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸுடன் சேர்ந்து, உலோகத்தில் விரிசல் தேடும் ஒலியலைக் கருவியை மனித மார்பில் வைத்துப் பார்த்தார். எந்த நோயாளியின் வால்வு சுருங்கியிருக்கிறது, எவருடையது கசிகிறது என்பது அறுவை சிகிச்சைக்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. 70 வருடம் கழித்து நீங்கள் கேட்பதும் அதே கேள்வியின் தொடர்ச்சிதான்: யாருக்குச் சிகிச்சை செய்யலாம், யாருக்குக் காத்திருக்கலாம்.

சரி, 3டி அளவு நம்பகமானது என்பதற்கு ஆதாரம் என்ன? 2004-ல் ஸ்பெயினின் சமோரானோ குழு ருமாட்டிக் மைட்ரல் சுருக்கம் உள்ள 80 பேரிடம் எல்லா முறைகளையும் ஒப்பிட்டது. இதயத்துக்குள் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்த எண்ணோடு மிக நெருங்கி வந்தது 3டி. அளப்பவர் மாறும்போது எண் மாறுவதும் அதில் குறைவு. பின்னர் வந்த ஒப்பீடுகளும் இதே திசையில்தான் சொன்னன. ஒரே நோயாளியை இரண்டு பேர் அளந்தால் 3டி-யில் ஒத்துப்போகிறது என்பதை நான் உறுதியான விஷயமாக எடுத்துக்கொள்கிறேன், என் அனுபவமும் அதுதான். புதிதாகப் பழகும் மருத்துவர்களுக்கு 3டி கொடுக்கும் உதவி, மூத்தவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிகம். அதே சமயம் கதீட்டர் அளவும் கடவுள் எழுதியது இல்லை. ரிச்சர்ட் கார்லினும் பொறியாளரான அவருடைய தந்தையும் 1951-ல் வெளியிட்ட சூத்திரம் அது. ரத்த ஓட்டத்தையும் அழுத்தத்தையும் வைத்துத் துளையை ஊகிக்கிறது. வால்வு கசிந்தால் அதுவும் பிசகும். ஆகவே 3டி சொல்லும் 1.1-ஐ இரண்டாம் தசமம் வரை சத்தியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1.0-க்கும் 1.25-க்கும் இடையில் எங்கோ என்று படித்துக்கொள்வது நேர்மையானது.

3டி தவறும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, கெயின். மெஷினில் ஒளிர்வைக் கூட்டி வைத்தால் இதழ்களின் விளிம்பு படத்தில் தடித்துத் துளை சுருங்கித் தெரியும். குறைத்து வைத்தால் மெல்லிய இதழ் மறைந்து இல்லாத ஓட்டை தெரியும். சுண்ணாம்பு படிந்த வால்வில் இந்தத் தடிப்பு இன்னும் மோசம், அங்கே 3டி உண்மையைவிடச் சின்னதாகக் காட்டிவிடலாம். அப்புறம், நேரத் துல்லியம். 3டி-யில் ஒரு நொடிக்குக் கிடைக்கும் படங்கள் 2டி-யைவிட மிகக் குறைவு. வால்வு முழுதாகத் திறக்கும் நொடி இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடலாம். இதைச் சரிக்கட்டப் பல துடிப்புகளில் எடுத்த துண்டுகளை மெஷின் ஒட்டிக் கொடுக்கும். ஆனால் மைட்ரல் சுருக்கத்தில் துடிப்பு ஒழுங்கு தப்புவது சாதாரணம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் அந்த ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவரிடம் அப்படி ஒட்டிய படத்தில் தையல் பிரிந்ததுபோல் கோடு விழும், அந்த அளவை ஏற்கக் கூடாது. ஒரே துடிப்பில் எடுத்து, பல துடிப்புகளை அளந்து சராசரி போட வேண்டும். கடைசியாக, 2டி-யிலேயே படம் மங்கலாக இருக்கும் மார்பில் 3டி அற்புதம் எதுவும் செய்யாது. மங்கலான கனசதுரம்தான் கிடைக்கும். அம்மாவின் ரிப்போர்ட்டில் துடிப்பு ஒழுங்காக இருந்ததா, படத் தரம் எப்படி என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள்.

இத்தனை நேரம் எண்ணைப் பற்றியே பேசினேன். என்னைக் கேட்டால், 3டி எக்கோவின் பெரிய பயன் எண் இல்லை, கமிஷர்கள்தான். பலூன் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். ஜப்பானின் கஞ்சி இனோவே 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. தொடை ரத்தநாளம் வழியாகப் போய், இரண்டு மேலறைகளுக்கும் நடுச்சுவரைத் துளைத்து, வால்வுக்குள் பலூனை விரிப்பார்கள். பலூன் இதழ்களைச் சன்னமாக்குவதில்லை, சுண்ணாம்பைக் கரைப்பதில்லை. ஒட்டிப்போன மூலைகளைப் பிரிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மூலைகளும் வெறுமனே ஒட்டியிருந்தால் இரண்டும் அழகாகப் பிரியும், துளை பெரிதாகும். ஒரு மூலையில் சுண்ணாம்பு இறுகியிருந்தால் அது விட்டுக்கொடுக்காது. விசை பலவீனமான இடத்தைத் தேடிப் போய் இதழையே கிழித்துவிடலாம். அப்படிக் கிழிந்தால் வால்வு மோசமாகக் கசியும், சில சமயம் அவசரமாக அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கும். மூலைகளே ஒட்டாமல் நாண்கள் மட்டும் சுருங்கிய வால்வில் பலூனால் பிரிக்க எதுவும் இல்லை.

பலூனுக்கு வால்வு ஏற்றதா என்று பார்க்க இன்றும் எல்லோரும் போடுவது 1988-ல் வந்த வில்கின்ஸ் மதிப்பெண். இதழின் அசைவு, தடிப்பு, சுண்ணாம்பு, அடிநாண்கள் ஆகிய நான்குக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் ஏற்ற வால்வு. நல்ல கருவிதான், ஆனால் பலூன் எங்கே வேலை செய்கிறதோ அந்தக் கமிஷர்களுக்கு அதில் தனி இடமே இல்லை. 3டி-யில் வால்வைக் கீழறைப் பக்கமிருந்து நிமிர்ந்து பார்ப்பதுபோல் திருப்பினால் இரண்டு மூலைகளும் ஒரே படத்தில் கிடைக்கும்: எது எவ்வளவு ஒட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் தடிப்பு அதிகம் என்று. மதிப்பெண் 8 இருந்தும் பலூன் சரியாக வராத வால்வுகளையும், 10 இருந்தும் நன்றாகப் பிரிந்த வால்வுகளையும் நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். காரணம் பல சமயம் இந்த மூலைகளில்தான் இருக்கும். ஒவ்வொரு இதழையும் மூன்று பகுதியாகப் பிரித்து மதிப்பெண் போடும் 3டி முறையும் 2010-ல் வந்தது. எனக்குப் பிடித்த யோசனை, ஆனால் அன்றாட நடைமுறையில் வில்கின்ஸ் முறையை அது அகற்றவில்லை. 3டி பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நோயாளிகள் நீண்ட காலத்தில் இன்னும் நன்றாக இருக்கிறார்கள் என்பதும் நியாயமான எதிர்பார்ப்பாகத்தான் நிற்கிறது. இருக்கும் ஆதாரம் பெரும்பாலும் அளவுகளை ஒப்பிட்ட ஆய்வுகள். இன்னொன்று, எக்கோவில் பளிச்சென்று தெரிவதெல்லாம் சுண்ணாம்பு இல்லை. இறுகிய தழும்பும் அப்படியே ஒளிரும். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேனோ, கதீட்டர் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் எக்ஸ்ரே திரையோ அதைத் தெளிவாகச் சொல்லும்.

இப்போது 1.4-க்கும் 1.1-க்கும் உள்ள சண்டைக்கு வருகிறேன். பழைய புத்தகங்களில் 1.0-க்குக் கீழே போனால்தான் தீவிரம், 1.0 முதல் 1.5 வரை நடுத்தரம். ஊர் மருத்துவமனையில் அந்தப் பழைய வரையறையை வைத்து 'நடுத்தரம்' என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. 2014-ல் அமெரிக்க வழிகாட்டு நெறிகள் இதை மாற்றி, 1.5-ம் அதற்குக் கீழும் தீவிரம், 1.0-ம் அதற்குக் கீழும் மிகத் தீவிரம் என்று வைத்தன. ஐரோப்பிய நெறிகளும் 1.5-ஐத்தான் தலையீட்டைப் பற்றி யோசிக்கும் எல்லையாக வைத்திருக்கின்றன. அதன்படி உங்கள் அம்மா 1.4 என்றாலும் தீவிரம், 1.1 என்றாலும் தீவிரம். எல்லைக்கு வெளியே நிற்பது நாம் நம்ப வேண்டாம் என்று சொன்ன 1.6 மட்டும்தான். அதோடு அவருக்கு மூச்சு வாங்குகிறது. தீவிரச் சுருக்கம், அறிகுறி, ஏற்ற வால்வு, கசிவு குறைவு, மேலறையில் ரத்தக்கட்டி இல்லை: இந்த ஐந்தும் கூடினால் பலூன் செய்ய வேண்டும் என்பதில் எந்த நெறிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: மூச்சு வாங்குவது வால்வால்தானா? சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை, ரத்தசோகை, நுரையீரல், விறைத்த கீழறை எல்லாமே 51 வயதில் மூச்சு வாங்க வைக்கும். இதற்கு 3டி எக்கோவில் பதில் இல்லை. வால்வுக்கு இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம், நுரையீரல் ரத்தநாள அழுத்தம் இரண்டையும் பாருங்கள், எடுத்தபோது நாடித்துடிப்பு எவ்வளவு என்பதோடு சேர்த்து. துடிப்பு 60 இருக்கும்போது வரும் எண்ணும் 100 இருக்கும்போது வரும் எண்ணும் ஒன்றில்லை. குழப்பம் தீராவிட்டால் நடக்கவோ மிதிக்கவோ விட்டு அந்த நிலையில் எக்கோ எடுப்பது நல்ல வழி. உழைக்கும்போது சராசரி வித்தியாசம் 15 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் குற்றவாளி வால்வு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பலூன் என்று முடிவானால், அதற்கு முன் உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ அவசியம். இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்பது மார்பில் வைத்து எடுக்கும் படத்தில் சரியாகத் தெரியாது, அது 3டி-யாக இருந்தாலும். கட்டி இருந்தால் முதலில் மருந்தில் கரைக்க வேண்டும். நகரத்தில் 3டி எடுத்தாகிவிட்டதே, மறுபடி எதற்கு இன்னொரு எக்கோ என்று அப்போது கோபப்படாதீர்கள். பலூன் முடிந்த கையோடு எடுக்கும் அளவிலும் பிரஷர் ஹாஃப் டைம் எண்ணைப் பார்க்காதீர்கள். அறைகளின் அழுத்தம் நிலைபெற ஓரிரு நாளாவது ஆகும், அதுவரை அந்தக் கணக்கு பொருந்தாது. நேரடியாக வரைந்த அளவையும், மூலைகள் பிரிந்தனவா என்பதையும் கேளுங்கள்.

எல்லா மைட்ரல் நோயாளிக்கும் 3டி எக்கோ தேவையா என்றால், இல்லை. லேசான சுருக்கம், அறிகுறி இல்லை, நல்ல 2டி படம் கிடைக்கிறது, இரண்டு மூன்று முறைகளின் எண்களும் ஒத்துப்போகின்றன என்றால் கூடுதல் செலவு வீண். எண்கள் முரண்படும்போதும், பலூனைப் பற்றி யோசிக்கும்போதும்தான் அது தன் விலைக்கு வேலை செய்கிறது. உங்கள் அம்மாவுக்கு இரண்டுமே பொருந்தின. அதனால் அந்தப் பணம் வீணாகவில்லை.

இனி செய்ய வேண்டியது: இரண்டு இடத்து எக்கோவும் பதிவான சி.டி.யை வாங்கிக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. நகரத்து மருத்துவரிடம் 3டி அளவை எந்த மட்டத்தில் வெட்டி எடுத்தார்கள் என்று இரண்டு நீளவாட்டுப் படங்களிலும் காட்டச் சொல்லுங்கள். கோடு இதழ் நுனியில் இருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். பிறகு இரண்டு கமிஷர்களும் எப்படி இருக்கின்றன, இப்போதே கசிவு எவ்வளவு, வில்கின்ஸ் மதிப்பெண் எத்தனை என்று கேளுங்கள். இரண்டு மூலைகளும் சுண்ணாம்பில்லாமல் ஒட்டியிருந்து, கசிவு லேசாக இருந்து, மூச்சிரைப்புக்கு வேறு காரணமும் தென்படவில்லை என்றால், ஆறு மாதம் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இடையில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, இருமலில் ரத்தம், திடீர்ப் படபடப்பு, கை கால் மரத்துப்போவது இவற்றில் ஏதாவது வந்தால் எந்த எண்ணையும் பார்க்காமல் அன்றே அழைத்துக்கொண்டு போங்கள்.